கண்ணாடிப் பெட்டி முன்னால் கரையும் லீவு

தலைப்பிரசவம் என்றால் நம் வீடுகளில் ஒரு கால அட்டவணையே உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. அது முடிந்த கையோடு அம்மா வீடு. டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே பையில் பழைய வேட்டித் துணி, ஃபிளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ரெடி. ஆனால் குழந்தைக்கு இந்த அட்டவணை தெரியாதே! வளைகாப்புக்கு நாள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஒரு ராத்திரி பனிக்குடம் உடைந்துவிடுகிறது.

அடுத்த நாளே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். மாடிப்படி ஏறினாளா, பப்பாளி சாப்பிட்டாளா, கிரகணத்தன்று வெளியே போனாளா... பாவம், பெற்றவளே குற்றவாளி. ரத்த அழுத்தம், சர்க்கரை, கிருமித் தொற்று, இரட்டைக் குழந்தை என்று காரணங்கள் பல. நிறையப் பேருக்கு என்ன காரணம் என்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். இத்தனை பேருமா பப்பாளி சாப்பிட்டார்கள்?

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்பார்கள். இது நம் பாட்டிகளின் சொந்தச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே இருக்கிறது! உண்மை நேர் எதிர். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

சரி, சொல்ல வந்த விஷயம் இதுவல்ல. லீவு.

சைதாப்பேட்டை பஜார் ரோடு பக்கம் குடியிருந்து, ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் தாண்டி மாம்பலத்தில் இறங்கி, தி.நகர் துணிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். (நாள் முழுக்க நின்றே பார்க்கும் வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2021-ல் தான்.) அவளுக்கு முதல் குழந்தை 30-வது வாரத்தில் பிறந்துவிடுகிறது. எடை ஒன்றரை கிலோ கூட இல்லை. ஆம்புலன்ஸில் எழும்பூர். கண்ணாடிப் பெட்டி, மூக்கில் குழாய், காலில் ஒயர். ஆறு வாரம் அங்கேயே.

சட்டப்படி அவளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு உண்டு. 1961-ல் வந்த பேறுகாலப் பலன் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017-ல் 26 ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே 26 தான். நல்ல விஷயம், குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய்விட்டது. மிச்சம் 20. அவள் திரும்ப வேலைக்குப் போகும் அன்று குழந்தைக்குக் காலண்டர்படி ஆறு மாதம். ஆனால் பத்து வாரம் முன்னாலேயே பிறந்த குழந்தை ஆயிற்றே! அதன் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டர் அந்தப் பத்து வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் வயதைக் கணக்கிடுவார். அந்தக் கணக்கில் குழந்தைக்கு 16 வாரம்தான், நாலு மாதம் கூட முழுசாக ஆகவில்லை. டாக்டருக்குத் தெரிந்த கழித்தல் சட்டத்துக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் ரெஸ்ட்தானே என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் தப்பு.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், அம்மாவின் நெஞ்சோடு குழந்தையைத் தோல்மேல் தோல் படும்படி கட்டி வைக்கும் முறையை ஆரம்பித்தார். கங்காரு முறை என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். முதலில் இதை ஏழை நாட்டு வைத்தியம், பெட்டி இல்லாததற்கு மாற்று என்றுதான் பார்த்தார்கள். பிறகு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த சுமார் 3,200 குழந்தைகள். வழக்கப்படி உடல்நிலை சீரான பிறகு கங்காரு முறை தொடங்கிய குழந்தைகளில் 28 நாளுக்குள் 15.7 சதவீதம் இறந்தன. பிறந்த உடனேயே தொடங்கியவர்களில் அது 12 சதவீதம். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2021-ல் முடிவு வெளியானது, 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது.

அந்த ஆய்வில் குழந்தை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நெஞ்சில் இருந்தது தெரியுமா? ஏறக்குறைய 17 மணி நேரம்! அது போக இரண்டு மணிக்கொரு தரம் பால் பீச்சிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் ரெஸ்ட்டா? குளுக்கோஸ் பாட்டில் மாதிரி, மருந்து மாதிரி, அம்மாவும் அங்கே சிகிச்சையின் ஒரு பாகம். அந்த நாட்களை அவள் லீவில் கழிப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இதை அறவே மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. குறைமாதப் பிரசவத்தால் தாய்க்கு நோய் வந்தால் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்தோடு லீவு தரலாம் என்று 1961 சட்டத்திலேயே இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் நோய் தாய்க்கு வர வேண்டும். தாய் தெம்பாக இருந்து குழந்தை மட்டும் பெட்டிக்குள் இருந்தால்? "உனக்கு உடம்பு நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சூப்பர்வைசர் கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அப்பா கதை இன்னும் மோசம். கங்காரு முறையை அப்பாவும் செய்யலாம், நெஞ்சு எல்லோருக்கும்தான் இருக்கிறது. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள் லீவு கூடக் கிடையாது.

அதே சைதாப்பேட்டையில் பனகல் மாளிகை இருக்கிறது, அரசு அலுவலகங்கள் நிறைந்த கட்டடம். அங்கே வேலை பார்க்கும் மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து பேறுகால லீவு 12 மாதம். அவருக்குக் குறைமாதத்தில் பிறந்தாலும் சமாளித்துவிடலாம். பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு அதில் பாதி. வீட்டு வேலை செய்பவருக்கும் பூக்கட்டி விற்பவருக்கும் லீவு என்ற பேச்சே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்தான், அதுவும் தவணை தவணையாக.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் 2023-ல் இதற்கென்றே சட்டம் போட்டு 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பிறந்து 28 நாளுக்குள் அட்மிட் ஆன குழந்தை தொடர்ந்து ஏழு நாளாவது சிகிச்சையில் இருந்தால் அம்மா, அப்பா இருவருக்குமே 12 வாரம் வரை கூடுதல் லீவு.

உடனே முதலாளிகள் தரப்பு கேள்வி வரும், காசு யார் கொடுப்பது? நியாயமான கேள்வி. ஏற்கனவே 26 வாரச் சம்பளமும் தன் தலையில் என்பதால் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிக்கும் முதலாளிகள் உண்டு. இன்னும் ஏற்றினால் அடி வேலை தேடும் பெண்களுக்குத்தான். ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே. முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் மாதா மாதம் கட்டுகிறார்கள். பேறுகாலச் சம்பளம் அங்கே முதலாளி கையிலிருந்து போவதில்லை, நிதியிலிருந்து போகிறது. தி.நகர் கடைப் பெண்ணின் ஆறு வாரத்தையும் அந்த நிதியே ஏற்கலாம். ஒரு கடையில் வருஷத்துக்கு எத்தனை குறைமாதப் பிரசவம் நடந்துவிடப் போகிறது?

பொய் சொல்லி லீவு வாங்கிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, என்றைக்கு அட்மிட், என்றைக்கு டிஸ்சார்ஜ் எல்லாம் சீல் போட்டு இருக்கும். 26 வாரத்தை முதல் தேதியிலிருந்து எண்ணாமல் இரண்டாவது தேதியிலிருந்து எண்ண வேண்டும், அவ்வளவுதான்.