வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லோரும் அட்மினா?

"சேர், மகன் எதையோ டவுன்லோட் பண்ணி லெப்டொப்ப நாசமாக்கிட்டான்." பெற்றோர் கூட்டம் முடிந்தால் இந்த முறைப்பாடு கட்டாயம் வரும். நான் மகனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

வின்டோஸ் போடும்போது முதலில் திறக்கும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அதையே வாப்பா, உம்மா, பிள்ளைகள் எல்லோரும் பாவிக்கிறோம். பல வீடுகளில் பாஸ்வேர்டும் கிடையாது. ஒரு ஃப்ரீ கேம் "கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய விடுவீர்களா?" என்று கேட்டால் பிள்ளை 'யெஸ்' அமத்தத்தான் செய்வான். (நாங்கள் மட்டும் வாசித்துவிட்டா அமத்துகிறோம்?)

2007இல் விஸ்டாவோடு வந்தது அந்தக் கேள்வி. அட்மினுக்கு ஒரு கிளிக் போதும். ஸ்டாண்டர்ட் கணக்கில் இருப்பவரிடமோ அட்மினின் பாஸ்வேர்டைக் கேட்கும். அப்போது பிள்ளை எழும்பி உங்களிடம் வந்தே ஆக வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடப் பேச்சுத்தான்.

அட்மின் கணக்குக்கு நல்ல பாஸ்வேர்ட் போட்டு ஒதுக்கி வையுங்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் பிள்ளைக்கு ஸ்டாண்டர்ட் கணக்கொன்று திறந்து கொடுங்கள். உங்களுக்கும் ஒன்று. பாடக்குறிப்பு டைப் பண்ண அட்மின் அதிகாரம் எதற்கு?

இதனால் எல்லா வைரஸும் நின்றுவிடாது. பிள்ளையின் கோப்புகள் அப்போதும் அழியலாம், பென் டிரைவில் ஒரு பிரதி இருக்கட்டும்.

பாஸ்வேர்டை எழுதி மொனிட்டரில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.