அப்பத்தாவுக்கு என்னதான் வேணும்?

இரவு எட்டு மணிக்கு எந்த சேனலை வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள். நடுக்கூடம், சோபா, சுற்றிலும் பத்துப் பேர். அதில் பட்டுப்புடவை கட்டிய வயதான அம்மா ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒன்று, மருமகளை முறைத்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். மூன்றாவதாக ஒன்று உண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவது. வெள்ளிக்கிழமை எபிசோடு என்றால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்!

ஆக, தமிழ் சீரியல்களில் வயதான பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்கென்று ஒரு கதைக்குத்தான் பஞ்சம். சந்தேகமாக இருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது திரையில் இருக்கும் அந்த அம்மாவிடம் மனதுக்குள் கேட்டுப் பாருங்கள்: 'உங்களுக்கு என்ன வேணும்?' மகனுக்குக் கல்யாணம் ஆகணும், பேரனைப் பார்க்கணும், குடும்ப மானம் போகக்கூடாது. வரும் பதிலெல்லாம் அடுத்தவரைப் பற்றியதாகவே இருக்கும்.

நடிகை சத்யப்ரியாவை எடுத்துக்கொள்வோம். 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' தொடரில் அபியின் அம்மா கற்பகமாக வந்தவர். 2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனின் அம்மா விசாலாட்சி. இரண்டும் சன் டிவி, இரண்டுக்கும் இயக்குநர் திருச்செல்வம். இடையில் கிட்டத்தட்ட 20 வருடம். கற்பகம் மகளுக்காகக் கலங்கினார், விசாலாட்சி மகன்களுக்காகப் பேசினார். இரண்டு வேடத்தையும் சத்யப்ரியா பிரமாதமாகச் செய்தார் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், நான்கு மகன்களையும் ஒரு மகளையும் பெற்று வளர்த்த விசாலாட்சி, கல்யாணத்துக்கு முன்னால் என்னவாக ஆசைப்பட்டார்? நான்கு மருமகள்களின் உடைந்த கனவுகளையும் வருடக்கணக்கில் பேசிய தொடர் அது. அதே வீட்டின் மாமியாருக்கு அப்படி ஒரு கனவு இருந்திருக்கலாம் என்பதை அது பெரிதாக யோசிக்கவில்லை.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முதல் பாகத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. வீட்டில் பெற்ற தாய் லட்சுமி அம்மா இருந்தார், சக்கர நாற்காலியில். கொழுந்தன்களுக்குத் தாயாக நின்று குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு மூத்த மருமகள் தனத்துக்குப் போனது. தனமாக நடித்த சுஜிதா, 1983-ல் வந்த 'முந்தானை முடிச்சு' படத்தில் கைக்குழந்தையாக நடித்தவர். தொடர் தொடங்கிய 2018-ல் அவருக்கு வயது 35. தாய்மைக்கு முப்பத்தைந்து வயது முகம், நிஜத் தாய்க்கு நாற்காலி. 2021-ல் லட்சுமி அம்மா இறந்துவிட, அந்த மரணத்தின் சோகம்கூட மகன்கள், மருமகள்களின் கண்ணீராகத்தான் நம் வீடுகளுக்கு வந்தது.

பெண்ணை அவசரமாகக் கிழவியாக்குவதில் சினிமாவும் சளைத்ததல்ல. 'முதல் மரியாதை'யில் சிவாஜிக்கு மனைவியாக வந்தபோது வடிவுக்கரசி இருபதுகளில்தான் இருந்தார். 1997-ல் 'அருணாச்சலம்' படத்தில் ரஜினிக்கே பாட்டியானார். நிஜத்தில் ரஜினியைவிட இளையவர்!

'பவர்ஃபுல் மாமியார்கள் இல்லையா என்ன?' என்று கேட்பவர்கள் 'செம்பருத்தி'யைச் சொல்வார்கள். உண்மைதான். ப்ரியா ராமன் நடித்த அகிலாண்டேஸ்வரி, ஜீ தமிழின் அசைக்க முடியாத அடையாளமாக இருந்தார். அவர் நடந்து வந்தால் பின்னணி இசையே எழுந்து நிற்கும். அந்த மிடுக்கை ரசிக்காதவர்கள் குறைவு. ஆனால், அந்த அதிகாரமெல்லாம் கடைசியில் எங்கே செலவானது? வீட்டில் வேலை செய்யும் பார்வதியை மகன் காதலிக்கலாமா, கூடாதா என்பதில். ஒரு பெரிய வீட்டை ஆளும் பெண்ணின் மொத்த பலத்தையும் மகன் கல்யாணத்தில் முடக்கிப்போட நம் கதாசிரியர்களால் மட்டும்தான் முடியும்.

இந்த வழக்கத்தை உடைத்த ஒருவர் உண்டு. அவரும் அதே 'எதிர்நீச்சல்' வீட்டில்தான் இருந்தார். பட்டம்மாள். எல்லோருக்கும் அப்பத்தா.

அப்பத்தாவை யாரும் எளிதில் மறந்திருக்க முடியாது. குரலை உயர்த்த மாட்டார், நிதானமாகத்தான் பேசுவார். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் அதட்டும் குணசேகரன் அவர் முன்னால் மட்டும் ஒரு நொடி யோசிப்பார். காரணம் பாசமில்லை, 40 சதவீதச் சொத்து! அந்தப் பங்கு அப்பத்தாவின் பெயரில் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பார், எப்போது கொடுப்பார் என்ற கேள்வியிலேயே மாதக்கணக்கில் கதை ஓடியது. ஒரு மூதாட்டி என்ன முடிவெடுக்கப் போகிறார் என்பதைத் தெரிந்துகொள்ள ஊரே டிவி முன்னால் உட்கார்ந்தது, தமிழ் சீரியலில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

இங்கே ஓர் உண்மையை அந்தத் தொடர் போகிறபோக்கில் தொட்டது. வயதான பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறதா என்பது பல நேரங்களில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாடு முழுக்க அது வந்தது 2005-ல். ஆனாலும் அண்ணன் தம்பி நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அம்மாக்களும் அத்தைகளும் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! அவர்களெல்லாம் அந்த 40 சதவீதத்தைக் கதையாக மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்பத்தாவாக நடித்த பாம்பே ஞானத்தின் சொந்தக் கதையும் லேசுப்பட்டதல்ல. முழுக்க முழுக்கப் பெண்களே நடிக்கும் நாடகக்குழுவை 1989-ல் மும்பையில் தொடங்கி, ஆண் வேடங்களையும் பெண்களையே போட வைத்தவர். அப்படிப்பட்டவர்களிடம் இருக்கும் அனுபவத்தை 'காபி கொண்டு வரட்டுமா?' என்ற வசனத்துக்குப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய வீண்!

வயதான பெண்ணைக் கதையின் நடுவில் வைத்தால் ஓடாது என்பது சீரியல் உலகின் பழைய வாதம். 2020 ஜனவரியில் 'சித்தி 2' வந்தபோது ராதிகாவுக்கு 57 வயது. 1999-ல் வந்த முதல் 'சித்தி'யின் ஞாபகத்தோடு மக்கள் உட்கார்ந்தார்கள். ஆனால், கதை சீக்கிரமே வெண்பா-கவின் காதல் பக்கம் சாய்ந்தது. 2021-ல் ராதிகா விலகினார். தொடர் 2022 வரை ஓடியது. சித்தி இல்லாமலே 'சித்தி'! அவர் விலகியதற்கு அவருடைய காரணங்கள் இருக்கலாம். ஆனால், தலைப்பில் இருப்பவர் போன பிறகும் கதை நிற்காமல் நடந்தது என்றால், அதற்குள் அந்தக் கதை யாருடையதாக மாறியிருந்தது என்று புரிகிறது.

'பாக்கியலட்சுமி' இந்த விஷயத்தில் துணிச்சல். வங்காளத்து 'ஸ்ரீமோயி'யின் தழுவல். கல்யாண வயதில் பிள்ளை இருக்கும் ஒரு குடும்பத்தலைவி, கணவனின் துரோகத்துக்குப் பிறகு சமையல் தொழிலில் கால் ஊன்றுகிறாள். கதை போகப்போக மாமியாராகிறாள், பாட்டியும் ஆகிறாள். அப்படியும் ஹீரோயின் அவள்தான். 2020 முதல் 2025 வரை ஐந்து வருடம் ஓடியிருக்கிறது என்றால், 'யார் பார்ப்பார்கள்?' என்ற கேள்விக்கு வேறு பதில் தேவையில்லை. குறை ஒன்றுதான். அதே வீட்டில் ஈஸ்வரி என்று ஒரு மாமியார். நடித்தவர் 'சங்கராபரணம்' ராஜ்யலட்சுமி. அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மகனுக்கு வக்காலத்து வாங்கும் வேலை. ஒரு வீட்டில் ஒரு பெண் மட்டும்தான் வளரலாம் என்று ஏதாவது விதி இருக்கிறதா?

விதி இல்லை, ஆனால் வசதி இருக்கிறது. வாரத்துக்கு ஐந்தாறு எபிசோடு தர வேண்டும், டிஆர்பி வாராவாரம் வந்துவிடும். பழகிய மாமியார் சண்டை என்றால் வசனம் தானாக வரும். அறுபது வயதுப் பெண் வங்கிக் கடன் கேட்டுப் போவதையோ, பழைய தோழியைத் தேடிப் போவதையோ எழுத உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஆண்களுக்கு மட்டும் அந்த யோசனை வந்துவிடுகிறது பாருங்கள். பெண்களைப் பற்றிய 'எதிர்நீச்சல்' தொடரிலேயே அதிகம் பேசப்பட்டவர் ஐம்பது வயதைக் கடந்த மாரிமுத்துதான். அவர் அதட்டல் மீம் ஆனது, 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது வீட்டு மனிதர் போனதுபோல மக்கள் அழுதார்கள்.

ஓடிடி பக்கம் கொஞ்சம் காற்று வருகிறது. 2023-ல் அமேசான் ப்ரைமில் வந்த 'ஸ்வீட் காரம் காபி'யில் மூன்று பெண்கள் வீட்டில் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். பேத்தியாக சாந்தி பாலச்சந்திரன், மருமகளாக மதுபாலா, பாட்டியாக எழுபது வயது லட்சுமி. அந்தப் பாட்டியிடம் 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே காரில் போகிறார்கள், யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. மொத்தமே எட்டு எபிசோடுதான். எட்டு மணி சீரியலை விடாமல் பார்க்கும் பாட்டிகளின் டிவியில் அது வருவதுமில்லை. பேரனோ பேத்தியோ போனில் போட்டுக் காட்டினால்தான் உண்டு.