தர்மம் வேண்டாம், கணக்கைத் தீர்!

ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் படம். அதன் கீழே, "உங்கள் சில்லறைக் காசு இந்தக் குழந்தையை வாழவைக்கும்" என்று ஓர் உருக்கமான வாசகம். மேலை நாட்டுப் பத்திரிகைகளில் இத்தகைய படங்களுக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பார்த்து மனமிரங்கித் தன் கூலியில் ஒரு பங்கை அனுப்பும் தொழிலாளியை நாம் குறை கூறமாட்டோம். அவன் மனம் நல்ல மனம். ஆனால் அந்தப் படத்தில் ஒரு கேள்வி மட்டும் இருப்பதில்லை. இந்தக் குழந்தையை இந்தக் கதிக்கு ஆளாக்கியது யார்?

"விதி" என்பார்கள். "வறுமை" என்பார்கள். "ஆப்பிரிக்காவின் துரதிர்ஷ்டம்" என்று பெருமூச்சு விடுவார்கள். பிறவியில் வரும் ஊனம் உண்டு. நோயால் வரும் ஊனமும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் லாபத்துக்காக மனிதன் மனிதனுக்குச் செய்த ஊனமும் உண்டு. அதற்கு ஊர் உண்டு, பெயர் உண்டு, தேதி உண்டு.

கப்வே நகரின் கதை

ஜாம்பியா நாட்டில், தலைநகர் லுசாகாவுக்கு வடக்கே இருக்கிறது கப்வே. வெள்ளையர் ஆட்சியில் அதன் பெயர் ப்ரோக்கன் ஹில். சென்ற நூற்றாண்டின் துவக்கத்திலேயே அங்கே ஈயமும் துத்தநாகமும் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1994-ல்தான் சுரங்கம் மூடப்பட்டது. இதில் 1925 முதல் 1974 வரை ஆங்கிலோ அமெரிக்கன் என்ற பெரும் சுரங்கக் கம்பெனிக்கு அங்கே பங்கு இருந்தது.

1921-ல் அந்தச் சுரங்கத்தில் ஆதிமனிதனின் மண்டையோடு ஒன்று அகப்பட்டது. அதைப் பத்திரமாக லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். செத்தவனின் மண்டையோட்டுக்குக் கிடைத்த பத்திரம், உயிருள்ள குழந்தைகளின் மூளைக்குக் கிடைக்கவில்லை!

உருக்காலைப் புகை தொழிலாளர் குடியிருப்புகளின் மேல் இறங்கியது. கசாண்டா, சோவா, மகுலுலு பகுதிகளில் வாசல் மண்ணே விஷமாயிற்று. அந்த மண்ணில்தான் குழந்தை தவழ்கிறது, விளையாடுகிறது, கையை வாயில் வைக்கிறது. பெரியவர் உடம்பைவிட 4, 5 மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு ஈயத்தை உறிஞ்சும். வயிறு காய்ந்த குழந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஈயம் எலும்பில் போய்த் தங்குகிறது. கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கும் போகிறது. மூளை மழுங்குகிறது. பாடம் ஏறுவதில்லை. விஷம் மிஞ்சினால் வலிப்பு வருகிறது, உயிரும் போகிறது. ஒருமுறை கெட்ட மூளை திரும்பச் சீராவதில்லை. இத்தனை ஈயம் வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தீர்ப்பு.

இது நேற்றுத் தெரிந்த செய்தியா? இல்லை. கப்வே குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பதை 1975-லேயே ஆராய்ச்சியாளர் அளந்து எழுதிவைத்துவிட்டார்.

மருந்து யாருக்கு? மண்ணுக்கு!

"அதற்காகத்தானே தர்ம ஸ்தாபனங்கள் மருந்து தருகின்றன?" என்று கேட்பவர்கள் நைஜீரியாவைப் பார்க்கட்டும். 2010-ல் அங்கே ஜம்ஃபாரா மாநிலத்தில், ஈயம் கலந்த தங்கத் தாதுவை ஊருக்குள்ளேயே உடைத்ததால், குறைந்தது 400 குழந்தைகள் மடிந்தன. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற அமைப்பின் வைத்தியர்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் சொன்னது என்ன? முதலில் மண்ணைச் சுத்தம் செய்யுங்கள். விஷ மண்ணுக்கே குழந்தை திரும்பிப் போனால் மருந்தால் பலனில்லை என்றார்கள். பகேகா என்ற கிராமத்தைச் சுத்தம் செய்யும் பணத்துக்காக 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யோக்கியமான வைத்தியனே சொல்லிவிட்டான், தர்ம மருந்து மட்டும் போதாது என்று!

லாபம் அவர்களுக்கு, கடன் இவர்களுக்கு

கப்வேயின் தாய்மாரும் பிள்ளைகளும் பிச்சைப் பாத்திரம் ஏந்தவில்லை. 2020 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றத்தின் படியேறினார்கள். சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பெண்கள், குழந்தைகளின் சார்பில் நஷ்டஈடு கேட்டார்கள். கம்பெனியின் பதில் என்ன? "சுரங்கத்தை நடத்தியவர்கள் நாங்களல்ல, எங்களுக்குப் பொறுப்பில்லை." 2023 டிசம்பரில், எல்லோருக்குமாக ஒரே வழக்கு நடத்த அனுமதியில்லை என்றது நீதிமன்றம். தாய்மார் சோர்ந்துவிடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

1974-க்குப் பின் 20 ஆண்டுகள் சுரங்கத்தை நடத்தியது ஜாம்பிய சர்க்காரின் கம்பெனி. அதற்கும் பொறுப்பு உண்டு, மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லி, அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுக் கணக்கை யாரும் அழித்துவிட முடியாது.

சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் விழுந்தது? 2016-ல் கப்வேக்கும் மற்றச் சுரங்க ஊர்களுக்குமாக உலக வங்கி சுமார் 6.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. கடன் என்பதைக் கவனியுங்கள்! லாபம் பங்குதாரர்களின் பைக்குப் போயிற்று. விஷம் குழந்தைகளின் எலும்புக்குப் போயிற்று. செலவோ, அந்தக் குழந்தைகளைப் பெற்ற ஜனங்களின் பெயரில் பற்று எழுதப்பட்டது.

மில்லில் விரலை இழந்த தொழிலாளிக்கு இது விளங்கும். முதலாளி தீபாவளிக்குத் தரும் வேட்டி நஷ்டஈடு ஆகுமா? வேட்டியைக் காட்டி, யந்திரத்துக்குக் காப்பு போடாத குற்றத்தை மறைக்க முடியுமா?

கப்வே குழந்தைகளுக்கு வேண்டியது இதுதான்: விஷ மண்ணை அகற்று! இலவச வைத்தியம் கொடு! மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளியும் ஆசிரியரும் கொடு! லாபம் கண்டவர்களிடமிருந்து அதன் செலவை வசூல் செய்!

ஊன்றுகோல் கொடுப்பவரை வாழ்த்துவோம். ஆனால் உண்டியல் நம் முன்னே நீளும்போதெல்லாம் கேட்போம்: காலை ஒடித்தவன் எங்கே? அவன் கணக்கு எப்போது தீரும்?