தூய்மை என்னும் சிறைச்சுவர்

இசைக்கு நிறமில்லை, இனமில்லை, ஆகவே அரசியலும் இல்லை என்று கூறுவோர் ஒரு சாரார். ஒவ்வோர் இனமும் தன் இசையைப் பிறிதொன்று கலவாது தூய்மையாகக் காத்தல் வேண்டும் என்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தம்மை ஒருவர்க்கொருவர் எதிரிகளெனக் கருதிக்கொள்வர். ஆயினும், கலையை அதனைப் படைக்கும் மனிதரின் வாழ்விலிருந்து வெட்டிப் பிரிப்பதில் இருவரும் ஒரே கட்சியினரே என்பது எமது துணிபு. இதற்குச் சான்றாகத் தென்னாபிரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் உருவான 'புளூ நோட்ஸ்' என்னும் ஜாஸ் குழுவின் வரலாற்றை முன்வைக்கின்றோம்.

அக்குழுவினர் யாவர்? பியானோ வாசித்த கிறிஸ் மக்கிரெகர் வெள்ளையர். திரான்ஸ்கைப் பகுதியில், ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் மிஷன் பாடசாலைச் சூழலில், தேவாலயப் பாடல்களையும் கோசா மக்களின் பாடல்களையும் ஒருங்கே கேட்டு வளர்ந்தவர். பின் கேப்ரவுணில் மேனாட்டுச் செந்நெறி இசையைப் பயின்றவர். ஏனையோர் கறுப்பின மக்கள். சக்சபோன் வாசித்த டுடு புக்வானாவும் நிக்கேலே மொயாக்கேயும் போர்ட் எலிசபெத் நகரத்தார். ட்ரம்பெற் ஊதிய மொங்கேசி பேசா குவீன்ஸ்ரவுணிற் பிறந்தவர். பாஸ் வாசித்த ஜொனி டியானி கிழக்குக் கரையோரத் துறைமுக நகரொன்றின் சேரியிலிருந்து வந்தவர். டிரம்ஸ் வாசித்த லூயிஸ் மொஹோலோ கேப்ரவுணின் லங்காச் சேரியில் வளர்ந்தவர். சேரிகளின் 'மறாபி', 'குவேலா', 'ம்பக்காங்கா' ஆகிய நடன இசைகள் அவர்கள் காதிலும் காலிலும் ஊறியிருந்தன. இவை யாவும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆக்கிய ஜாஸின் வழியே ஒரு மேடையிற் சந்தித்தன.

இச்சந்திப்பு இன்று எமக்கு இயல்பானதாகத் தோன்றலாம். ஆனால், அந்த நாட்டில் 1950ஆம் ஆண்டின் சட்டங்கள் ஒவ்வொரு மனிதனையும் இன்ன இனத்தவன் எனப் பதிவுசெய்து, அவன் வசிக்கவேண்டிய நிலத்தையும் வரையறுத்தன. 1953ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களைப் பிரித்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், அமைச்சரின் அனுமதியின்றிக் கறுப்பின மாணவர் வெள்ளையரின் பல்கலைக்கழகங்களிற் புகமுடியாதவாறு கதவடைத்தது. 'பாஸ்' புத்தகச் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21ஆந் திகதி ஷார்ப்வில்லிற் கூடிய மக்கள்மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். இத்தகைய நாட்டிலே ஒரு வெள்ளையரும் ஐந்து கறுப்பரும் சேர்ந்து தாளமிடுவதே அரசுக்கு விடப்பட்ட சவாலாயிற்று. அவர்கள் ஆட்சியை வைது பாடவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரே மேடையிற் சமமாக நின்றமையே போதுமாயிருந்தது.

இனித் தூய்மைவாதிகளிடம் வருவோம். தென்னாபிரிக்க ஆட்சியாளர், கறுப்பின மக்களின் பண்பாட்டை அழிக்கப்போவதாகவா பிரசாரம் செய்தனர்? இல்லை. அதனைக் 'காக்கப்போவதாக'வே கூறினர்! 'தனித்தனி வளர்ச்சி' என்பதே அவர்களது மந்திரம். 1959இல் இனக்குழுவுக்கொரு 'தாயகம்' வகுக்கச் சட்டமியற்றினர். கறுப்பினத்தவர்க்கென அரசு நடத்திய வானொலியும் மொழிக்கொரு பிரிவாக ஒலிபரப்பிற்று. கோசா மகன் கோசாவாகவே இருத்தல் வேண்டும்; சூலு மகன் சூலுவாகவே இருத்தல் வேண்டும்; நகரத்துத் தொழிலாளியாக, உலகத்தின் மனிதனாக அவன் ஆகிவிடலாகாது. இங்கே பண்பாட்டுத் தூய்மை என்பது கூலியையும் நிலத்தையும் கொள்ளையிடுவோர் கையிற் பூட்டாகவும் திறவுகோலாகவும் பயன்பட்டது. மரபைப் போற்றுவோர் அனைவரும் நிறவெறியர் என்று நாம் கூறவில்லை. மரபை வேலியிட்டுக் காக்கவேண்டும் என்போர், அவ்வேலியின் வாயிலில் எவர் காவல் நிற்கின்றார் என்பதையும் ஆராய்தல் வேண்டும் என்றே கூறுகின்றோம்.

'இசைக்கு அரசியல் இல்லை' என்போருக்கும் இவ்வரலாறு விடைகூறுகின்றது. 1964இல் பிரான்ஸின் அன்ரிப் நகரில் நடந்த ஜாஸ் விழாவுக்குச் சென்ற அக்குழுவினர் தாயகம் மீளாது, சுவிற்சர்லாந்தில் தங்கிப் பின்னர் இலண்டனை அடைந்தனர். மொயாக்கே மட்டும் நாடு திரும்பினார், நெடுநாள் வாழவில்லை. எல்லையற்றதெனப் போற்றப்படும் இசையை வாசித்த மனிதருக்குச் சொந்த நாட்டின் எல்லை மூடியே கிடந்தது. பேசா 1975இல், 30 வயதில், இலண்டனில் இறந்தார். எஞ்சிய நால்வரும் சில நாட்களுக்குள் ஒன்றுகூடி, ஒத்திகையின்றி அவருக்காக வாசித்ததே ஓர் இசைத்தட்டாயிற்று. டியானி 1986இல் பேர்லினில் மறைந்தார். அவருக்காக 1987இல் மூவர் வாசித்தனர். நெல்சன் மண்டேலா சிறைமீண்ட 1990ஆம் ஆண்டிலேயே மக்கிரெகரும் புக்வானாவும் மாண்டனர். 1994இல் யாவரும் வாக்களித்த முதல் தேர்தலைக் காண மொஹோலோ ஒருவரே எஞ்சியிருந்தார். 2005இல் நாடு திரும்பிய அவரும் 2025இல் மறைந்தார்.

ஐரோப்பா அவர்களால் வளம்பெற்றது என்பதையும் மறத்தலாகாது. மக்கிரெகர் அமைத்த 'பிறதர்ஹூட் ஒவ் பிரெத்' என்னும் பெரிய குழுவில் இங்கிலாந்தின் இளங்கலைஞர் பலர் இணைந்தனர். தேவாலயப் பாடலின் கூட்டொலியும், சேரி நடனத்தின் துள்ளலும், கட்டற்ற கற்பனை வாசிப்பும் அங்கே மோதின. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை. ஒருவர் வாசிக்கையில் மற்றவர் செவிகொடுத்து, மறுத்து, தொடர்ந்து வாசிக்கும் முறையே அவ்விசையின் உயிர். பலவகைக் கருவிகளை விளம்பரத்துக்காக அடுக்கிக் 'கலப்பிசை' என விலைகூறும் இக்காலச் சரக்குக்கும் இதற்குமுள்ள வேற்றுமை இதுவே. அங்கே கலப்பு ஓர் அலங்காரம். இங்கே அதற்கு நாடும் வாழ்வும் விலையாயின.

எனவே, கலைஞர் பல மரபினின்றும் வந்து ஒன்றுகூடினர் என்று கேட்டவுடன் கைதட்டிவிட்டு எழுந்து செல்வதில் நாம் நிறைவடைதல் ஆகாது. அவர்கள் சமமாகக் கூடினரா? கூடுவதற்கு எவர் தடையாயினர்? கூடியமைக்காக எதை இழந்தனர்? இவ்வினாக்களை எழுப்பாத கலை விமரிசனம், சுவரைக் கட்டியோருக்கே துணைபோகின்றது.