துறைமுகத்தில் ஒரு பகற்பொழுது

நூல்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் பேசும் இப்பக்கத்தில், இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு துறைமுகத்தில் பகற்பொழுதைக் கழிப்பது எவ்வாறு என்று நான் எழுத முற்படுவது சிலருக்கு நகைப்பை உண்டாக்கலாம். இது தாய்மார் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய சிறு காரியமன்றோ என்று அவர்கள் கேட்கக்கூடும். சிறு காரியந்தான். ஆனால், ஒரு சமுதாயம் தன் சிறுவரை எவ்வாறு மதிக்கிறது என்பது இத்தகைய சிறு காரியங்களிலேதான் வெளிப்படுகிறது என்பது, நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளோடு பழகிய ஓர் ஆசிரியனின் கருத்து.

நான் இறக்குவானை மலைச்சாரலில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கு உல்லாசப் பயணக் கப்பல் வரத் தொடங்கியது. அடுத்துத் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் அது சென்றது. அக்காலத்தில் என் சிற்றன்னையின் மகள் தொலைபேசியில் என்னை அழைத்தாள். நீலகிரிப் பக்கத்தில் வாழ்பவள்; வயது ஐம்பதைக் கடந்தவள். "அண்ணே, மகன் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டான். பேரப்பிள்ளைக்கு இரண்டு வயது. அம்பாந்தோட்டையில் ஒரு பகல் நிற்குமாம். நான் பிறந்த லயத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்" என்றாள்.

அவள் அந்த லயத்தை விட்டுப் போனது 1973இல். அப்போது அவளுக்கும் வயது இரண்டு.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்து எழுதப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் செம்பாதியாகப் பங்கிட்டனர். அந்தக் கணக்கிலே என் சிற்றன்னையின் குடும்பம் அக்கரைக்கு விழுந்தது. புகைவண்டியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், பின்னர் மண்டபம் முகாம். தந்தையாரோடு நானும் தலைமன்னார்வரை சென்றிருந்தேன். நாள் முழுவதும் காத்திருந்தோம். பெரியவர்கள் பத்திரங்களைப் பார்ப்பதும், பெட்டிகளை எண்ணுவதும், அழுவதுமாக இருந்தனர். சிறு பிள்ளைகளை எவரும் கவனித்திலர். என் தங்கை ஒரு தகரக் குவளையை மணலில் உருட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியபோது அழுதாள். அழுது களைத்து, மூட்டையின்மேல் உறங்கிப்போனாள். உறங்கியபடியே கப்பலேற்றப்பட்டாள்.

துறைமுகம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்குவளைதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே, அவள் தன் பேரனோடு வருகிறேன் என்றபோது, லயத்தைக் காட்டுவதா வேண்டாமா என்ற எண்ணத்துக்கு முன்னதாக, அந்தப் பிள்ளை அன்றைய பகலை எப்படிக் கழிப்பான் என்ற எண்ணமே எழுந்தது.

கணக்கைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்து மாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கி, பத்திரம் காட்டி, வாயிலைக் கடக்க ஒரு மணி நேரம். புறப்படுவதற்கு ஒரு மணிக்கு முன்னரே திரும்பிவிடுதல் அறிவுடைமை. கப்பலார் தாமே நடத்தும் சுற்றுலாவுக்குச் சென்றவர்கள் பிந்தினால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தாமாக வண்டி பிடித்துப் போனவர்களுக்காகக் காத்திராது. எஞ்சுவது ஆறு மணி. அம்பாந்தோட்டையிலிருந்து எம்பிலிப்பிட்டிய, கொடகவெல வழியாக இறக்குவானைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கடைசிப் பகுதி மலைப்பாதை. போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. தோட்டத்தில் நிற்பதற்குக் கிடைப்பது ஒரே மணி. இதற்குள் பிள்ளைக்குப் பசியும் உறக்கமும் வாந்தியும் வராமலிருக்க வேண்டும். வராமலிருக்குமா?

கப்பல் துறையில் நிற்கும் நாளில் இறங்குவோர் பெரும்பாலும் செய்வது இத்தகைய ஓட்டத்தையே. அம்பாந்தோட்டையில் இறங்குவோரை உடவளவைக்கு அழைத்துச் செல்வர். 1972இல் அமைந்த தேசிய வனம் அது. குலுங்கும் ஜீப்பில் கொளுத்தும் வெயிலில் யானை தேடித் திரிவது வளர்ந்தோர்க்கு இன்பம்; இரண்டு வயதுக் குழந்தைக்கு அஃது ஒரு தண்டனை. யானை தொலைவில் நிற்கும். குழந்தையோ தன் காலடியில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அதே உடவளவையில் 1995ஆம் ஆண்டு முதல் தாயிழந்த யானைக்கன்றுகளை வளர்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே மூன்று மணிக்கு ஒருமுறை கன்றுகளுக்குப் பாலூட்டுவர். நேரம் தவறாத அந்தப் பாலூட்டலைக் காண்பதற்காக, நம் குழந்தையின் பால் நேரத்தையும் உறக்க நேரத்தையும் நாம் தவறவிடுகிறோம்.

குழந்தைக்கும் ஒரு நாளொழுங்கு உண்டு என்பதை எங்கள் தோட்டத்துத் தாய்மார் நன்கு அறிவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குத் தராசடிக்கு வரவேண்டும். இடையிலே பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வர். வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்கள். அவற்றிடையே ஓர் ஆயம்மா. வேலை நடுவே பால் கொடுக்க ஓடிவரும் தாய், மலையிறங்கும் களைப்பிலும் அந்த நேரத்தைத் தவறவிடுவதில்லை. தோட்டத்து வாழ்வில் போற்றத்தக்கவை மிகக் குறைவு. பிள்ளைக்காம்பராவையும் நான் சுவர்க்கமென்று சொல்லவரவில்லை. ஆனால் பிள்ளையின் பசிக்கும் உறக்கத்துக்கும் நேரம் ஒதுக்கித்தான் ஆகவேண்டும் என்ற அறிவு அங்கே இருந்தது. பொழுதைப் போக்கவென்றே பணம் செலுத்திக் கப்பலேறுவோரிடம் அது இல்லாமற் போவது ஏன்?

நான் தங்கைக்குச் சொன்ன மறுமொழி இதுதான்: "நீ மலைக்கு வரவேண்டாம். நான் கடலுக்கு வருகிறேன்." அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அண்ணே" என்றாள். அந்தச் "சரி"யின் கனம் எனக்குத் தெரியாமலில்லை.

குறித்த நாளில், என் மகள்வயிற்றுப் பேர்த்தியையும் கூட்டிக்கொண்டு சென்றேன். அவளுக்கு மூன்று வயது, கடலைக் கண்டதில்லை. கப்பற் கூட்டம் கலையும்வரை பொறுத்து, தங்கை குடும்பத்தினர் இறுதியாக இறங்கி வந்தனர். துறைமுகத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள மிரிஜ்ஜவில வறள்வலயத் தாவரவியல் பூங்காவுக்குச் சென்றோம். முந்நூறு ஏக்கர்ப் பூங்கா. நாங்கள் கண்டது ஒரு மரத்தின் நிழலை. பிள்ளைகள் இருவரும் உதிர்ந்த காய்களைப் பொறுக்கி ஒரு சிரட்டையில் இட்டனர், கொட்டினர், மீண்டும் இட்டனர். ஒரு மணி நேரம் அதுவே நடந்தது. பின்னர் மீன்பிடிப் படகுகள் நிற்கும் கரைக்குப் போனோம். ஜூன் மாதக் கடல் சீற்றமுடையது, இறங்கக்கூடாது. ஈர மணலும் ஒரு வாளித் தண்ணீரும் போதுமாயிருந்தன. கப்பலிலே நீச்சற் குளம் உண்டு. ஆயினும், இன்னும் அணையாடை கட்டும் பருவத்துக் குழந்தையை அதில் இறக்கப் பெரும்பாலான கப்பல்கள் இடங்கொடுப்பதில்லை. வழியெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்த பையன், அன்றுதான் அதைத் தொட்டான். உச்சிப்பொழுதில் சோறூட்டி, மீண்டும் நிழலில் தங்கை தன் மடியில் கிடத்தினாள். இரண்டு மணி நேரம் உறங்கினான். அந்த இரண்டு மணி நேரமும் நாங்கள் பேசினோம். எங்கள் பெற்றோரைப் பற்றி, ஐம்பதாண்டுகளாகப் பேசாதிருந்ததையெல்லாம் பேசினோம்.

ஆகவே, துறைமுகத்தில் குழந்தையோடு செய்யத்தக்கன யாவை என்று கேட்போர்க்கு என் விடை மிகச் சுருங்கியது. ஓரிடம் போதும், அது கால் மணிப் பயணத்துக்குள் இருக்கட்டும். நிழலும் நீரும் மண்ணும் இருக்கட்டும். உணவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். உறக்க நேரத்தை எதற்காகவும் விற்காதீர்கள். காணத்தக்கவை பட்டியலைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. "இரண்டு வயதில் நடந்தது எதுவும் குழந்தையின் நினைவில் நில்லாது. நினைவுள்ள பெரியவர்கள் ஏன் தங்கள் ஆசையைத் துறக்கவேண்டும்?" என்பர். என் தங்கைக்கும் தலைமன்னார் நினைவில் இல்லை. குவளையை நான் சொல்லித்தான் அறிந்தாள். ஆனால், நினைவில் நிற்கவில்லை என்பதனால் அன்றைய வெயிலும் பசியும் பொய்யாகிவிடுமா? அவள் அழுதது உண்மை; அதைப் பார்த்த என் நெஞ்சில் அது நிற்கிறது. குழந்தை மறந்துவிடும் என்ற துணிவில் நாம் செய்வனவற்றையெல்லாம் வேறு எவராவது நினைவில் வைத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

இனி, இஃது பெற்றோர் கடமை மட்டுமன்று. துறைமுகங்களை நடத்துவோர் கடமையுமாகும். கொழும்புத் துறைமுகத்துக்கு அருகேயுள்ள காலிமுகத் திடலை நோக்குக. தேசாதிபதி சர் ஹென்றி வார்ட் காலத்தில் 1859இல் நிறைவெய்திய அந்த நடைபாதையிலே ஒரு கல் நாட்டப்பட்டிருக்கிறது. கொழும்பு நகரத்துப் பெண்டிர், சிறுவர் ஆகியோரின் நலங்கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரை அவர் அதில் கேட்டிருக்கிறார். அந்நியராட்சியின் பிறவற்றை நாம் எவ்வளவு கடிந்தாலும், கடற்கரையில் ஒரு துண்டு நிலம் சிறுவர்க்கென்று கல்லில் எழுதப்பட்டதை மறுக்கவியலாது. நம் காலத்தில் துறைமுகங்கள் பெருகியுள்ளன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. அதிலே வருவோர் உல்லாசப் பயணிகள் மட்டுமல்லர். உறவைத் தேடிப் பிள்ளைகளோடு வருவோரும் ஆவர். இத்துறைகள் யாவற்றிலும் ஒரு நிழற்கூடம், பாலூட்ட ஒரு மறைவிடம், கைகால் கழுவ நீர், பிள்ளை தவழ ஒரு சுத்தமான தரை ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும். பாரந்தூக்கிகளுக்கும் இறங்குதுறைகளுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவற்றுக்காகும் செலவு அற்பம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று கடலைக் கண்ட என் பேர்த்தி வாய் பேசாமல் நின்றாள். நான் கற்பித்த மாணவருள் பத்தாம் வகுப்புவரை வந்தும் கடல் காணாதவர் பலர். கடலைக் கடந்து வந்தவர்களின் வழிவந்த அவர்களுக்கு, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடல் எட்டவில்லை. கடல்கடந்து வரும் பிள்ளைகளுக்குத் துறைமுக வாயில் திறக்கும்போது, மலையிறங்கி வரும் பிள்ளைகளுக்கும் அது திறக்கட்டும். பள்ளிகள் ஆண்டுக்கொருமுறையாவது அவர்களைக் கரைக்கு அழைத்துச் செல்லட்டும்.

மாலையில் தங்கையிடம் தோட்டத்திலிருந்து கொண்டுபோன ஒரு போத்தல் தேநீரையும், லயத்தின் நிழற்படம் ஒன்றையும் கொடுத்தேன். படத்தை நெடுநேரம் பார்த்தாள். "கதவு இந்தப் பக்கமா இருந்தது?" என்று மட்டும் கேட்டாள். பேரன் அவள் தோளில் விழித்தபடி, சிரட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினான்.

அதன்பின் அவள் வரவில்லை. வருவாளா என்றும் எனக்குத் தெரியாது. லயத்தைக் காட்டாமல் அனுப்பியது பிழையோ என்று சில இரவுகளில் எண்ணுவதுண்டு. ஆயினும், ஒரு பிள்ளை அழுதபடியே துறை கடந்ததைக் கண்ட எனக்கு, இன்னொரு பிள்ளை விளையாடியபடி துறை கடந்ததைக் காணும் பேறு கிடைத்தது. மறுமுறை அதே கேள்வி வந்தாலும் அதே விடையைத்தான் சொல்வேன்.