பட்டிப்பூவும் மூளைக் கட்டியும்

"டொக்டர், பட்டிப்பூவில இருந்துதானே புற்றுநோய் மருந்து எடுக்கிறாங்கள். அண்ணாவின்ர மூளைக் கட்டிக்கு அதை அவிச்சுக் குடுத்தால் என்ன?" மவுண்ட் வெல்லிங்டனில் என்னிடம் வரும் நம்மவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. கேள்வியில் உண்மை பாதி இருக்கிறது. மற்றப் பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஊரில் வேலியோரம் பூக்கும் பட்டிப்பூவைத் தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். ஜமெய்க்காவில் நீரிழிவுக்கு அவித்துக் குடித்த இதன் இலை, 1950களில் கனடாவின் மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்துக்குப் போனது. றொபேட் நோபிள் குழுவினர் எலிகளுக்கு வாயால் கொடுத்தபோது சீனி குறையவில்லை. ஊசியால் ஏற்றியபோது வெள்ளைக் குருதிக் கலங்கள் சரிந்து, எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன. அந்த நஞ்சிலிருந்துதான் மருந்து பிறந்தது. வின்பிளாஸ்டினை 1958 இல் அறிவித்தார்கள். அதே செடியின் வின்கிறிஸ்டின் 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வின்கிறிஸ்டின் சில மூளைக் கட்டிகளுக்கும் பயன்படுகிறது. ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்ற கட்டியில், குறிப்பிட்ட நிறமூர்த்த மாற்றம் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2013 இல் வெளிவந்தது. கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.3 ஆண்டுகள். வின்கிறிஸ்டின் உட்பட மூன்று மருந்துகளும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.7 ஆண்டுகள். ஆனால் இம்மருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகவே இதில் அதன் பங்கு எவ்வளவு என்று நிபுணர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இலையில் இருக்கும் வின்கிறிஸ்டின் மிக மிகச் சொற்பம். மருந்தாக நரம்பூசி மூலம் மட்டுமே கொடுப்பார்கள், அதுவும் ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேற்படாமல். அந்த அளவிலும் கை கால் விறைக்கலாம். அவித்த தண்ணீரில் எது எவ்வளவு இருக்கிறதென்று யார் அளப்பது?

மஞ்சள் குளிசையும் அப்படித்தான். ஆய்வுகூடத்தில் குர்குமின் புற்றுக் கலங்களைக் கொல்கிறது. விழுங்கினால் குருதிக்குள் சேர்வது மிகக் குறைவு. மூளைக் கட்டி உள்ளவர்களின் ஆயுளை அது நீட்டியதாக நிரூபணம் இல்லை. மாறாக, வார்ஃபரினுடன் சேர்ந்தால் குருதிக்கசிவு ஆபத்து என்று நியூசிலாந்தின் மெட்சேஃப் 2018 இல் எச்சரித்தது. ஈரல் பாதிப்புப் பற்றி அவுஸ்திரேலியா 2023 இல் எச்சரித்தது. கறிக்குப் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். நான் சொல்வது செறிவூட்டிய குளிசைகளை.

போர்க்காலத்தில் மருந்துத் தடைக்குள் கைமருந்தை நம்பி வாழ்ந்தவன் நான். அதை ஏளனம் செய்யமாட்டேன். வைத்தியர் சிரிப்பார், ஏசுவார் என்று நம்மவர்கள் மறைக்கிறார்கள். அப்படி மறைக்க வைத்தது எங்கள் தொழிலின் தவறுந்தான். ஆனால் வலிப்புக்கும் குருதி உறைவுக்கும் மருந்து எடுக்கும் ஒருவருக்கு, சொல்லாமல் குடிக்கும் ஒரு கஷாயமே உயிராபத்தாகலாம்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ள போத்தல், பொடி, குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.