ஐயமும் அன்பும்

காரைக்காலில் ஆனித் திங்கட் பௌர்ணமியையொட்டி ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. அதற்கு மூலமான வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்துட் கூறியுள்ளார். புனிதவதியார் கணவன் தந்த கனியிரண்டில் ஒன்றை அடியவர்க்கு அமுதிட்டு, அவன் மீண்டுங் கேட்டபோது இறையருளால் வேறொன்று பெற்றளித்தார். பரமதத்தன் அதனை ஐயுற்றான். பின்னும் ஒரு கனி வந்து, அவன் கையில் வாங்கிய அளவிலே மறைந்தது. ஐயம் ஒழிந்தது; ஆயின் அன்பு பெருகிற்றோ? அன்று. அவன் அஞ்சினான்; கலமேறிப் பிரிந்தான். அம்மையார் அன்பினாற் பெற்றது அவனுக்கு அற்புதமாக மாத்திரமே தோன்றிற்று.

கிறிஸ்தவ மாணவராகிய நமக்கு இதில் ஒரு பாடமுண்டு. உயிர்த்தெழுதல் மெய்யோ, நம் ஜெபத்தைக் கேட்பார் உளரோ என்னும் வினா நம்முள் எத்தனை பேர் நெஞ்சில் எழுந்திலது? எழுந்ததை உரைக்க நாணி, ஆலயத்தில் வாய்மட்டும் அசைப்பார் பலர். யாமும் அங்ஙனம் இருந்ததுண்டு.

யோவான் சுவிசேஷத்து 20-ஆம் அதிகாரத்தில் தோமாவும் சான்று கேட்டார். ஆண்டவர் அவரைத் தள்ளினாரல்லர்; தம் காயங்களைக் காட்டினார். தோமா தொட்டார் என்று அச்சுவிசேஷம் கூறவில்லை. பரமதத்தன் கண்டது வல்லமை. தோமா கண்டதோ தமக்காகப் புண்பட்ட அன்பு. ஆதலின், அவன் விலகினான், இவர் பணிந்தார்.

இச்சுவிசேஷத்தை இவ்வாறு உள்நோக்கிப் படிக்கும் நெறியைத் தமிழர்க்கு விளக்கினவர் பாளையங்கோட்டையிற் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975). சைவக் குடியினின்று கிறிஸ்தவரான தந்தையின் மைந்தராகிய இவர், ஆக்ஸ்போர்டில் யோவானையும் பக்தி இலக்கியத்தையும் ஒருங்கே ஆராய்ந்தார். 1927-இல் கிறிஸ்து மதத்தைப் பக்தி மார்க்கமெனக் காட்டும் நூலை வெளியிட்டார். இறைவனோடு ஒன்றுதல் என்பது உயிர் அவனாகவே ஆகிவிடுதல் அன்று. அன்பினாலும் கீழ்ப்படிதலினாலும் அவனிடத்து நிலைத்திருத்தலே என்பது அவர் துணிபு.

இது மதங்களைக் கலத்தலாம் என்பர் சிலர். அறிவைத் துறத்தலாம் என்பர் பிறர். இரண்டும் பொருந்தா. தமிழ் பக்தர்மொழி நம் தாய்மொழியின் செல்வம். அதனாற் கிறிஸ்துவை நேசிக்கக் கற்றல் கலப்பாகாது. அறிவுக்கோ, திராட்சக் கொடியைப் பேசும் 15-ஆம் அதிகாரமே உரைகல்லைத் தருகின்றது: நிலைத்திருக்கும் கொடி கனி தரும். நம் தியானம் அயலான்பால் இரக்கமாகக் கனியாவிடின், அது மயக்கமே.

ஆகவே, ஐயுறும் மாணவனைப் பெரியோர் கடியாதிருப்பாராக. ஐயுறும் நாமும் அற்புதத்தைக் கேட்டு வாளா நில்லாது, யோவானைக் கையிலெடுத்து, காயங்களின்முன் சிறிது நேரம் அமர்வோமாக. ஐயமனைத்தும் ஒருநாளில் ஒழியுமென்று யாம் கூறோம். விலகி ஓடவேண்டுவதில்லை என்பதை மட்டும் அறிந்தோம்.